பத்தாயிரம் பவுண்டு என்றால் எவ்வளவு? ஆங்கில நாவல்களில் பெண்களின் அந்தஸ்தைக் கணக்குப் போட்டு வாசிக்கும் முறை

ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் நாயகன் டார்சி நடனக்கூடத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள், அவனுக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு என்ற பேச்சு கூடம் முழுக்கப் பரவிவிடுகிறது. 1813இல் அதை வாசித்தவருக்கு அந்த எண் ஒன்றே போதும். எத்தனை வேலையாட்கள், என்ன வண்டி, எப்பேர்ப்பட்ட வீடு என்பதெல்லாம் தானாகவே மனதில் ஓடியிருக்கும். நாம் அந்த எண்ணைத் தாண்டிக் காதலுக்குப் போய்விடுகிறோம். அதனால்தான் இந்த நாவல்களைக் கல்யாணக் கதைகள் என்று நினைத்து மூடிவைப்பவர்கள் பலர். எண்களோடு சேர்த்து வாசித்தால் இவை வாடகை, வட்டி, வாரிசு பற்றிய கதைகள். எந்தப் பெண் யாருடைய கூரைக்குக் கீழே இருக்கிறாள், அந்தக் கூரை எந்த நாள்வரை என்பதே அடியில் ஓடும் கேள்வி.

தேவையானவை ஒரு பென்சிலும் ஒரு நோட்டும். முதல் வாசிப்பில் எதையும் குறிக்க வேண்டாம், கதையோடு போங்கள். இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு முக்கியமான பெண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஆறு கேள்விகளை எழுதுங்கள். அவளை யார் எப்படி அழைக்கிறார்கள்? அவள் அப்பா அல்லது கணவரின் வருமானம் எவ்வளவு, அது எதிலிருந்து வருகிறது? அவள் பெயரில் தனியாக என்ன இருக்கிறது? அந்தப் பணம் யார் கையில் இருக்கிறது? யாருடைய சாவோடு அல்லது யாருடைய திருமணத்தோடு அது நிற்கும் அல்லது வரும்? வீட்டில் எத்தனை வேலையாட்கள், என்ன வண்டி?

பதில்களுக்காக நாவல் முழுக்கத் தேட வேண்டியதில்லை. ஜேன் ஆஸ்டின் இந்த விஷயத்தில் கறார். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் முதல் ஏழு அத்தியாயங்களுக்குள் டார்சியின் நண்பன் பிங்லியின் வருமானம் (4,000 அல்லது 5,000), டார்சியின் வருமானம், பிங்லியின் அப்பா விட்டுப்போன முதல் (ஏறக்குறைய 1,00,000), பிங்லியின் சகோதரிகளுக்குத் தலா 20,000, ஐந்து பெண்களின் அப்பா பென்னட்டின் வருமானம் 2,000, திருமதி பென்னட் கொண்டுவந்த 4,000 என எல்லாம் வந்துவிடுகின்றன. கதை தொடங்குவதற்கு முன்பே வரவு செலவுக் கணக்கைக் கையில் கொடுத்துவிடுகிறார்.

முதலா, ஆண்டு வருமானமா?

எல்லோரும் முதலில் சறுக்கும் இடம் இது. ஆண்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஆண்டு வருமானத்தைச் சொல்வார்கள். பெண்களைப் பற்றிப் பேசும்போது மொத்தத் தொகையைச் சொல்வார்கள். ஜார்ஜியானா டார்சிக்கு 30,000 என்றால் அது மொத்தமாக அவள் பெயரில் உள்ள முதல். அண்ணனுக்கு 10,000, தங்கைக்கு 30,000 என்று படித்துவிட்டுத் தங்கைதான் பணக்காரி என்று முடிவுகட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

மொத்தத் தொகையை ஆண்டு வருமானமாக்க எளிய வழி, அதை 100இல் 5 என்று பெருக்குவது. எச்சரிக்கையாகப் போக வேண்டுமானால் 4. பணத்தை அரசாங்கக் கடன் பத்திரங்களில் போட்டு வட்டியில் வாழ்வதே அன்றைய வழக்கம். 3, 4, 5 சதவீதப் பத்திரங்கள் இருந்தன. முதலில் கைவைப்பது பாவம் போல. ஆக, ஜார்ஜியானாவின் 30,000 ஆண்டுக்கு 1,500 தரும். பிங்லியின் 1,00,000 பவுண்டுக்கு 4 சதவீதம் போட்டால் 4,000, 5 சதவீதம் போட்டால் 5,000. திருமதி பென்னட் முதல் அத்தியாயத்தில் 'நாலாயிரமோ ஐயாயிரமோ' என்று இழுப்பது ஏன் என்று இப்போது புரியும். அவள் வட்டி விகிதத்தைத்தான் ஊகிக்கிறாள்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' (1811) முடிவில் மணம் செய்யப்போகும் எட்வர்டிடம் 2,000 பவுண்டு முதல், எலினாரிடம் 1,000. இரண்டும் சேர்ந்து 3,000. 5 சதவீதத்தில் ஆண்டுக்கு 150. டெலஃபர்டில் கிடைக்கும் பாதிரியார் பதவியில் ஆண்டுக்கு 200. மொத்தம் 350. இந்த 350 பவுண்டில் வசதியாக வாழ்ந்துவிடலாம் என்று நினைக்கும் அளவுக்கு இருவருக்கும் காதல் முற்றவில்லை என்று ஆஸ்டின் ஒரு வரி போட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த 350 எங்கிருந்து வந்தது என்று கூட்டிப் பார்த்தவருக்குத்தான் அந்த வரியின் குறும்பு முழுதாகக் கிடைக்கும்.

நாணயக் குறிப்பு: ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு கினிக்கு 21 ஷில்லிங். இது போதும்.

இந்தத் தொகைகளை இன்றைய மதிப்புக்கு மாற்றாதீர்கள். விலைவாசிப்படி மாற்றினால் ஒரு விடை, கூலிப்படி மாற்றினால் அதைப்போல் பல மடங்கு வரும். இரண்டும் கதைக்கு உதவாது. அதற்குப் பதிலாக நாவல்களுக்குள்ளேயே ஒரு அளவுகோல் செய்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு 500 என்றால் 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி'யின் டாஷ்வுட் குடும்பம்: ஒரு தாய், மூன்று பெண்கள், சிறிய வீடு, இரண்டு வேலைக்காரப் பெண்கள், ஒரு வேலைக்காரன், வண்டி கிடையாது. 2,000 என்றால் பென்னட் குடும்பம்: வண்டி உண்டு, சமையல்காரி உண்டு, சேமிப்பு கிடையாது. 4,000, 5,000 என்றால் எஸ்டேட் வாங்கலாமா என்று யோசிக்கும் பிங்லி. 10,000 என்றால் டார்சி. அதற்கும் மேலே 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' (1814) நாவலில் வரும் ரஷ்வர்த்துக்கு 12,000. ஆனால் மண்டையில் ஒன்றும் கிடையாது. ஆஸ்டினுக்கே உரிய நக்கல் அது.

பணத்தின் வாசனை

தொகை தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. அது எதிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். உச்சியில் இருப்பது நிலம். குத்தகைக்காரர்கள் கட்டும் வாடகையில், தான் எந்த வேலையும் செய்யாமல் வாழ்பவர் ஐயமில்லாமல் ஜென்டில்மேன். அடுத்து தேவாலயம், ராணுவம், கடற்படை, உயர்நிலை வழக்கறிஞர் தொழில். நிலக்கிழார் வீட்டு இளைய மகன்கள் போகும் இடங்கள் இவை. சிற்றூர் அட்டர்னி அதற்கும் கீழே. வியாபாரம் எவ்வளவு கொழுத்தாலும் ஒரு தலைமுறைக்காவது நாறும்.

பிங்லியின் பணம் வியாபாரத்தில் சம்பாதித்தது. அவன் சகோதரிகள் இதை மறந்துவிட்டு, பென்னட் பெண்களின் மாமா லண்டனில் சீப்சைடு பக்கம் வசிக்கும் வியாபாரி என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு வரும் பக்கத்தில் 'இவர்கள் அப்பாவும் அப்படித்தான்' என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். ஆஸ்டின் நான்காம் அத்தியாயத்திலேயே அதைச் சொல்லிவைத்திருக்கிறார். நமக்கு நினைவிருக்கிறதா என்று பிறகு சோதிக்கிறார்.

ஜென்டில்மேன் என்ற சொல்லே சண்டைக்குரிய இடம். 'பெர்சுவேஷன்' நாவலில் ஒரு துணைப் பாதிரியாரை அப்படிக் குறிப்பிட்டதும் சர் வால்டர் எலியட் முகம் சுளிக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டுச் சொத்துள்ள ஆள் என்று நினைத்துவிட்டாராம். அதே சொல்லை 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாயகி எலிசபெத் பென்னட், டார்சியுடைய அம்மாவின் சகோதரி லேடி கேத்தரினுக்கு எதிராகத் திருப்புகிறாள்: டார்சி ஒரு ஜென்டில்மேன், நான் ஒரு ஜென்டில்மேனின் மகள், இதுவரை நாங்கள் சமம். லேடி கேத்தரினால் இதை மறுக்க முடியவில்லை. உடனே கேள்வியைத் தாய்வழிக்கு மாற்றிவிடுகிறாள்: உன் அம்மா யார், மாமாக்கள் யார்? அப்பா வழியில் நிலம், அம்மா வழியில் அட்டர்னி ஆபீசும் கடையும். பென்னட் பெண்களின் அந்தஸ்து இந்தத் தையலில்தான் பிரிகிறது. இப்படிப்பட்ட கலப்புக் குடும்பங்களுக்கு நோட்டில் அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு வரி விடுங்கள்.

கடற்படைப் பணம் தனி ரகம். எதிரிக் கப்பலைப் பிடித்தால் அதன் மதிப்பில் பங்கு கிடைக்கும். 'பெர்சுவேஷன்' நாவலில் வென்ட்வர்த் 25,000 பவுண்டு சேர்த்தது இப்படித்தான். எட்டு ஆண்டுகளுக்கு முன் கையில் ஒன்றுமில்லாதவன் என்று தள்ளப்பட்டவன், தன்னை அப்படித் தள்ளிய சர் வால்டர் எலியட்டின் எஸ்டேட் கடனில் வாடகைக்குப் போகும் நேரத்தில் திரும்பி வருகிறான்.

கெடு எப்போது?

நோட்டின் ஐந்தாவது கேள்வியை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமாக எழுதுங்கள். பெண்ணின் அந்தஸ்து பெரும்பாலும் கடன் வாங்கியது. அதற்குத் தவணைத் தேதி உண்டு.

பென்னட் குடும்பம் வாழும் லாங்பர்ன் எஸ்டேட் மேல் என்டெயில் இருக்கிறது. சொத்து ஆண் வாரிசு வழியில்தான் போக வேண்டும், இருப்பவர் அதை விற்கவோ மகளுக்கு எழுதிவைக்கவோ முடியாது என்று முன்தலைமுறை போட்ட பூட்டு அது. மகன் பிறந்து வயதுக்கு வந்தால் அப்பாவும் மகனும் சேர்ந்து அந்தப் பூட்டை உடைக்கலாம். பென்னட் தம்பதி சேமிக்காமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்: மகன் வருவான் என்று காத்திருந்தார்கள், ஐந்து பெண்கள் வந்தார்கள். எனவே பென்னட் சாகும் நாளன்று 2,000 பவுண்டு வருமானமும் வீடும் தூரத்து உறவினன் காலின்ஸுக்குப் போய்விடும். மிஞ்சுவது, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று திருமண ஒப்பந்தத்தில் எழுதிவைத்த 5,000 பவுண்டு. ஐந்தால் வகுத்தால் தலைக்கு 1,000. காலின்ஸ் பெண் கேட்கும்போதே இதை எலிசபெத்திடம் ஒப்பிக்கிறான்: 4 சதவீதத்தில் 1,000 பவுண்டு, அதுவும் உன் அம்மா இறந்த பிறகு. அதாவது ஆண்டுக்கு 40 பவுண்டு. காதலைச் சொல்ல வந்தவன் வட்டி விகிதம் சொல்கிறான் என்று சிரிக்கிறோம். அவன் சொன்ன கணக்கில் பிழை இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திருமதி பென்னட்டை வாய்க்கு வந்ததைப் பேசும் முட்டாள் என்று ஒதுக்கும் வாசிப்பு இந்தக் கணக்கைப் போட்டதும் கொஞ்சம் தடுமாறும். அந்த வீட்டில் கெடு தேதியை நினைத்துப் பதறும் ஒரே ஆள் அவள்தான். பதறும் விதம் சரியில்லை, அவ்வளவே.

என்டெயில் இல்லாத இடங்களிலும் கெடு இருக்கும். பாதிரியார் பதவிக்கு லிவிங் என்று பெயர். வீடும் வருமானமும் சேர்ந்தது, ஆனால் பாதிரியார் உயிரோடு இருக்கும்வரைதான். அவர் இறந்தால் மனைவியும் மகள்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான். 'எம்மா' நாவலில் முன்னாள் பாதிரியாரின் விதவையும் மகள் மிஸ் பேட்ஸும் மாடியில் சில அறைகளில் குடியிருப்பது அதனால்தான். ஏழைகளுக்குக் கெடு இன்னும் கொடியது. தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' (1891) நாவலில் டர்பிஃபீல்ட் வீட்டுக் குத்தகை மூன்று ஆயுளுக்கு எழுதப்பட்டது. பெயர் குறித்த மூன்று பேரில் கடைசி ஆள் உயிரோடு உள்ளவரை செல்லும். அந்தக் கடைசி ஆயுள் ஜான் டர்பிஃபீல்ட். அவர் இறந்ததும் குடும்பம் தெருவுக்கு வருகிறது. டெஸ், முன்பு தன்னைக் கெடுத்த அலெக்கிடம் திரும்பிப் போகிறாள். நோயாளித் தாய் பிழைத்துக்கொள்ள, குடிகாரத் தந்தை போய்ச் சேருவதை வெறும் விதி என்று படித்தால் இந்தக் குத்தகைப் பத்திரம் கண்ணில் படாமல் போகும்.

அழைக்கும் முறை

பட்டங்களில் மேலிருந்து கீழாக ட்யூக், மார்க்வெஸ், எர்ல், வைகவுண்ட், பேரன். இவர்கள்தான் பிரபுக்கள். அதற்குக் கீழே பாரனெட்; பட்டம் மகனுக்குப் போகும், ஆனால் பிரபு இல்லை. அதற்கும் கீழே நைட், அவரோடு முடிந்துவிடும். குழப்பம் எங்கே என்றால் பாரனெட்டுக்கும் நைட்டுக்கும் ஒரே 'சர்' தான். சர் வால்டர் எலியட் பாரனெட். சர் வில்லியம் லூகஸ் மெரிடனில் வியாபாரம் செய்து, மேயராகி, அரசருக்கு வரவேற்புரை வாசித்து நைட் ஆனவர். 'சர்' என்று கண்டதும் இருவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பட்டமே இல்லாத டார்சி, சர் வில்லியமைவிட எங்கோ மேலே.

'லேடி'க்கு ஒரு சோதனை உண்டு. லேடிக்குப் பின்னால் குடும்பப் பெயர் வந்தால் கணவரால் கிடைத்தது: லேடி லூகஸ், லேடி பெர்ட்ரம். சொந்தப் பெயர் வந்தால் பிறப்பால் கிடைத்தது: லேடி கேத்தரின் ஒரு எர்லின் மகள். அவளை 'லேடி டி பர்க்' என்று எழுதினால், வெறும் சர் லூயிஸ் டி பர்க்கின் மனைவியாக இறக்கிவிட்டீர்கள் என்று பொருள். தமிழில் நாவல் அறிமுகம் எழுதுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது.

மணமாகாத சகோதரிகளில் மூத்தவள் மட்டுமே 'மிஸ் பென்னட்'. அடுத்தவர்கள் மிஸ் எலிசபெத், மிஸ் மேரி. பெயரைத் தவறவிட்டால் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே மாறிவிடும். இதோடு உணவு அறைக்குள் நுழையும் வரிசையும் உண்டு. வீட்டைவிட்டு ஓடிப்போய், எப்படியோ கல்யாணம் முடிந்து திரும்பி வரும் பதினாறு வயது லிடியா, அம்மாவின் வலது பக்கத்துக்கு நகர்ந்து, மூத்த அக்கா ஜேனிடம் இனி இது என் இடம், நீ கீழே போ, நான் கல்யாணமானவள் என்கிறாள். கேட்க எரிச்சலாக இருக்கும். விதிப்படி அவள் சொல்வது சரி. அதுதான் எரிச்சலுக்கே காரணம். நடத்தை அவளைக் கீழே தள்ளுகிறது, மோதிரம் மேலே தூக்குகிறது.

முதலில் யார் பேசலாம் என்பதையும் கவனியுங்கள். அறிமுகம் மேலே இருப்பவர் விருப்பம். பிங்லி குடியிருக்கும் நெதர்ஃபீல்ட் வீட்டு நடனத்தில் காலின்ஸ் தானாகப் போய் டார்சியிடம் பேசுகிறான். வேண்டாம், தொடங்க வேண்டியவர் அவர்தான் என்று எலிசபெத் தடுத்தும் கேட்பதில்லை. 'எம்மா'வில் புதிதாக வந்த திருமதி எல்டன் 'நைட்லி' என்று மொட்டையாகச் சொன்னதும் எம்மாவுக்குக் கொதிக்கிறது. எம்மா தன் வாழ்நாள் முழுக்கப் பழகியவனை 'மிஸ்டர் நைட்லி' என்றுதான் சொல்கிறாள்.

சமையலறை, வண்டி, மழையில் போன ஆள்

லாங்பர்னில் முதல் நாள் விருந்து. காலின்ஸ் சாப்பாட்டைப் புகழ்ந்துவிட்டு, இது எந்தப் பெண்ணின் கைப்பக்குவம் என்று கேட்கிறான். திருமதி பென்னட்டுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது: நல்ல சமையல்காரி வைத்துக்கொள்ள எங்களுக்கு வக்கிருக்கிறது, என் பெண்களுக்குச் சமையலறையில் வேலை இல்லை. பாராட்டு என்று நினைத்துச் சொன்னது ஏன் வசையாகப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்தஸ்துதான் விடை. அதே திருமதி பென்னட், சார்லட் லூகஸ் பலகாரம் செய்ய வீட்டுக்கு அழைக்கப்பட்டாள் என்று பிங்லி காதில் விழும்படி சொல்கிறாள். என் பெண்கள் வேறு விதமாக வளர்ந்தவர்கள் என்று சேர்த்துக்கொள்கிறாள். ஒரு போட்டிப் பெண்ணை ஒரே வாக்கியத்தில் அடுப்படிக்கு அனுப்பிவிட்டாள்.

வண்டிகளைப் படிக்கும்போது மூன்றைப் பாருங்கள்: எத்தனை குதிரை, குதிரை சொந்தமா வாடகையா, வண்டிக்காரன் இருக்கிறானா. கிக் என்றால் ஒற்றைக் குதிரை, தானே ஓட்டுவது. பாதிரியார் காலின்ஸிடம் உள்ளது அதுதான். கரிக்கிள் இரண்டு குதிரை, இளவட்டங்களின் பெருமை. பருஷ் பெரிய இடம். நான்கு குதிரை பூட்டியது வந்தால் வந்தவர் சாமானியர் இல்லை. பென்னட் வீட்டில் வண்டி இருக்கிறது, ஆனால் குதிரைகள் பண்ணை வேலைக்கும் போயாக வேண்டும். அம்மா அதைச் சாக்காக வைத்து ஜேனைக் குதிரைமேல் அனுப்ப, மழையில் நனைந்து சளி பிடித்து நெதர்ஃபீல்டிலேயே தங்கிவிடுகிறாள். அடுத்த நாள் எலிசபெத் மூன்று மைல் நடந்து போகிறாள். பாவாடை ஓரத்தில் ஆறு அங்குலம் சேறு என்று பிங்லியின் சகோதரிகள் அளந்து பேசுகிறார்கள். 2,000 பவுண்டு வருமானத்தின் விளிம்பு எங்கே என்று அந்தச் சேறு காட்டுகிறது.

வேலையாட்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி: யார் செய்தார் என்று சொல்லாமல் விட்ட வேலைகளுக்குக் கீழே கோடு போடுங்கள். நடனத்துக்கு முந்தைய நாள்களில் மழை விடவே இல்லை, பெண்கள் யாரும் வெளியே போகவில்லை; காலணியில் வைக்கும் நாடாப் பூக்களைக்கூட வேறு ஆளை விட்டு வாங்கிவரச் செய்தார்கள் என்று ஒரு வரி வரும். அந்த 'வேறு ஆள்' மழையில் நடந்துபோனவர். பெயர் இல்லை, முகம் இல்லை. இப்படி ஒரு நாவலில் இருபது வரிகளுக்குக் கோடு போட்டால் அந்த வீட்டில் எத்தனை பேர் உண்மையில் வசிக்கிறார்கள் என்று தெரியவரும்.

கவர்னஸ் என்ற இரண்டுங்கெட்டான்

ஏணியில் படியே இல்லாத இடம் கவர்னஸ். படித்த குடும்பத்துப் பெண், கெட்ட நேரத்தில் சம்பளத்துக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள். எஜமானர்களோடு உட்கார முடியாது, வேலைக்காரர்களோடு சாப்பிடவும் முடியாது. 'ஜேன் அயர்' (1847) நாவலில் லோவுட் பள்ளியில் ஆசிரியையாக ஜேனுக்கு ஆண்டுக்கு 15 பவுண்டு, தார்ன்ஃபீல்ட் வீட்டில் கவர்னஸாக 30. தங்கும் இடமும் சாப்பாடும் சேர்ந்தது என்பதை மறக்கக் கூடாது. கணக்கில் பலர் தவறவிடுவது இதைத்தான். லிடியாவின் கல்யாணத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 100 பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்ட பென்னட், இதனால் தனக்குப் 10 பவுண்டுகூட நட்டமில்லை என்று கணக்குப் பார்க்கிறார். அதாவது அந்தப் பெண்ணை வீட்டில் வைத்திருக்க ஏற்கெனவே ஏறக்குறைய 90 பவுண்டு ஆகிக்கொண்டிருந்தது. கவர்னஸின் 30ஐ இந்த 90க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முப்பது ஆண்டு இடைவெளி உண்டு, ஆனாலும் திசை தெரியும்.

தார்ன்ஃபீல்ட் வரவேற்பறைக் காட்சியை மெதுவாக வாசியுங்கள். வீட்டு எஜமானர் ராச்செஸ்டர் சொன்னதற்காக ஜேன் உள்ளே வந்து ஜன்னல் திண்ணையில் திரைச்சீலை மறைவில் உட்கார்ந்திருக்கிறாள். விருந்தாளி பிளான்ஷ் இங்க்ரம், ஜேன் பாடம் சொல்லும் சிறுமியோடு 'ஒரு ஆளை' இப்போது பார்த்தேனே, போய்விட்டாளா, இல்லை, அதோ இருக்கிறாள் என்கிறாள். பிறகு சம்பளமும் கொடுத்து இருவருக்கும் சோறும் போடுவது பள்ளியைவிடச் செலவு என்று ராச்செஸ்டருக்குக் கணக்குச் சொல்கிறாள். பேச்சு முழுக்க ஜேனின் காதில் விழுகிறது. விழும் என்று பேசுபவர்களுக்கும் தெரியும். இங்கே பென்சிலால் குறிக்க வேண்டியது 'ஆள்' என்ற சொல். லேடி என்று சொல்ல மனம் வராத இடத்தில் அந்தக் காலத்தவர் போடும் சொல் அது.

பிறகு மாமாவின் 20,000 பவுண்டு ஜேனுக்கு வருகிறது. நான்கு பங்காக்கித் தனக்கு 5,000 வைத்துக்கொள்கிறாள். 5 சதவீதத்தில் ஆண்டுக்கு 250, பழைய சம்பளத்தைப் போல் எட்டு மடங்கு. அதன் பிறகுதான் ராச்செஸ்டரிடம் திரும்பிப் போகிறாள். இந்த வரிசையை நோட்டில் தேதிபோல எழுதிவையுங்கள். சார்லட் பிராண்டி அதைத் தற்செயலாக அமைக்கவில்லை.

எந்த ஆண்டுச் சட்டம்?

நாவல் வெளியான ஆண்டையும் கதை நடக்கும் ஆண்டையும் தனித்தனியே குறியுங்கள். 'மிடில்மார்ச்' 1871-72இல் வெளிவந்தது, கதை 1829 முதல் 1832 வரை. 'வேனிட்டி ஃபேர்' 1847-48இல் வந்தது, கதை வாட்டர்லூ போர்க்காலம். பாத்திரங்களைக் கட்டுவது கதை நடக்கும் ஆண்டின் சட்டம்.

திருமணமான பெண்ணின் ரொக்கமும் சம்பளமும் கணவருக்கே சொந்தம் என்பது பழைய நிலை. பணக்கார அப்பாக்கள் திருமண ஒப்பந்தம் எழுதிப் பணத்தை அறங்காவலர் கையில் ஒப்படைத்துத் தப்பித்தார்கள். வசதியில்லாதவர்களுக்கு அந்த வழி இல்லை. 1857இல் நீதிமன்றம் வழியாக விவாகரத்து சாத்தியமானது. 1870 சட்டம் மனைவி சம்பாதித்ததை அவளுக்கே ஆக்கியது. 1882 சட்டம் அவளுடைய சொத்து முழுவதையும் அவளிடம் விட்டது. ஆன் பிராண்டியின் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' (1848) நாவலில் ஹெலன் மகனைக் கூட்டிக்கொண்டு ஓடி, பொய்ப் பெயரில் ஓவியம் விற்று வாழ்கிறாள். அவள் விற்ற ஒவ்வொரு படத்தின் காசும் சட்டப்படி கணவருடையது, மகனும் அப்படியே. பொய்ப் பெயர் கூச்சத்தால் வைத்தது இல்லை.

'மிடில்மார்ச்' டோரதியா இதற்கு நேர் எதிர். அவளுக்கு ஆண்டுக்கு 700 பவுண்டு பெற்றோர் வழியாக வருகிறது. லாடிஸ்லாவை மணந்தால் என் சொத்து கிடையாது என்று இறந்த கணவர் உயிலில் சேர்த்த பின்னிணைப்பு அந்த 700ஐத் தொட முடியாது. அவள் துணிச்சலைப் புகழும்போது அந்த 700ஐயும் பக்கத்தில் வையுங்கள்.

ஏமாற்றும் சொற்கள்

'ஃபார்ச்சூன்' பெரும்பாலும் அதிர்ஷ்டம் ஆகாது, சொத்து. 'இண்டிபென்டன்ஸ்' என்றால் வேலை செய்யாமல் வாழும் அளவுக்கு வருமானம். 'கனெக்ஷன்ஸ்' என்றால் பயன்படும் உறவினர்கள். 'கான்டிசென்ஷன்' இன்று வசை. காலின்ஸ் வாயில் அது புகழ்ச்சி, பெரிய இடத்தவர் இறங்கிவந்து பழகும் பெருந்தன்மை. 'ட்ரேட்' என்ற சொல் வந்தால் சொல்பவர் மூக்கைச் சுருக்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்களைச் சொல்வது யார் என்றும் பாருங்கள். கதைசொல்லி சொன்னால் நம்பலாம். வம்புப் பேச்சில் வந்தால் ஏற்றிச் சொன்னதாக இருக்கும். திருமதி எல்டன் கொண்டுவந்தது எப்போதும் பத்தாயிரம் என்றே அழைக்கப்படும் அளவுக்கு இருந்தது என்று ஆஸ்டின் எழுதும்போது, அது பத்தாயிரம் இல்லை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

பயிற்சிக்கு ஒரு பக்கம்: சார்லட் லூகஸ்

வயது 27. அழகி இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்பா நைட், பட்டம் வந்ததும் கடையை மூடிவிட்டார், அதனால் வருமானம் குறைந்தது, பிள்ளைகள் நிறைய. அவள் பெயரில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. அப்பா இறந்தால் சகோதரர்கள் தலையில். வேலை: வீட்டுப் பலகாரம்.

வரப்போவது: காலின்ஸ். லேடி கேத்தரின் கொடுத்த லிவிங், வீடு, கிக் வண்டி. பென்னட் இறந்தால் லாங்பர்ன், ஆண்டுக்கு 2,000. கெடு: பென்னட்டுக்கு முன்னால் காலின்ஸ் இறந்தால் பாதிரியார் வீடும் போய்விடும்.

இப்போது 22ஆம் அத்தியாயத்தைத் திறந்து, நிச்சயம் ஆன செய்தி லூகஸ் வீட்டில் எப்படி வாங்கப்படுகிறது என்று பாருங்கள். தங்கைகளுக்கு ஓரிரு ஆண்டு முன்னதாகவே நடனம், விருந்து என்று வெளியே வரலாம் என்ற சந்தோஷம். அக்கா கிழக்கன்னியாகவே செத்துப்போவாளோ என்ற பயம் சகோதரர்களுக்கு விட்டது. லேடி லூகஸோ, இதுவரை காட்டாத அக்கறையோடு, மிஸ்டர் பென்னட் இன்னும் எத்தனை ஆண்டு உயிரோடு இருப்பார் என்று கணக்குப் போட ஆரம்பிக்கிறாள்.